முள் முறிந்த பாரை

மறியலிலிருந்து
09.02.2025

கலா,

தீர்ப்புக்குப் பிறகு உனக்கு எழுதிற முதல் கடிதம் இது. இஞ்ச ஜெயிலுக்க போன் இல்லை. எழுதிறதை ஒரு மாத்தையா, சிங்கள அதிகாரி, வாசிச்சுப் போட்டுத்தான் தபாலில போடுவார். அவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். அதால பிந்தும்.

ரெண்டு வருசம் எண்டு கோட்டில வாசிக்கேக்க நான் திரும்பிப் பாத்தனான். உன்ர அம்மா கடைசி வாங்கில இருந்தவ. நீ இல்லை. வழக்கு நடந்த காலம் முழுக்க ஒருக்காவது வருவாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். சித்தப்பாவின்ர மகன் டிலக்‌ஷன் வந்தான், கரையில இருந்து நாலைஞ்சு பேர் வந்தாங்கள், கட்டின பெண்சாதி வரேல்ல. வெடி போட்டு மீன் பிடிச்சவனுக்குப் பெண்சாதி எண்டு சொல்ல வெக்கமோ? அந்த மீனைச் சமைக்கேக்க வெக்கம் வரேல்லயே.

சசி எப்பிடி இருக்கிறான்? கை ஆறியிட்டுதோ? உன்ர தம்பி எண்டு நான் அவனை ஒருநாளும் வேறாப் பாத்ததில்லை. அது உனக்குத் தெரியும்.

இஞ்ச மத்தியானம் மீன் எண்டு ஒண்டு தருவினம். எந்தக் கடலில செத்ததோ, எவ்வளவு காலம் ஐசில கிடந்ததோ, வாயில வச்சால் பஞ்சு மாதிரி. முதல் நாள் அதைப் பாத்தவுடன எனக்கு எங்கட குசினிதான் ஞாபகம் வந்தது. நான் கரையால வரேக்க நீ தேங்காய் திருவி வச்சிருப்பாய். மீன் கழுவி முடிய அடுப்பில புளி கொதிச்சுக்கொண்டு நிக்கும். உயிலங்குளத்தில இருந்து கலியாணம் முடிச்சு வரேக்க உனக்குக் குளத்து மீனைத் தவிர வேற ஒண்டும் தெரியாது. சூடையைச் சாளை எண்டுவாய். கத்தியை உன்ர கையில தந்து, கையைப் பிடிச்சு வெட்டப் பழக்கினது நான். இப்ப நீ வைக்கிற குழம்பை என்ர அம்மாவே வச்சிருக்க மாட்டா.

வாற மாசம் பாக்க வரேக்க கொண்டு வா. பாரை இல்லாட்டி விளைமீன். பழப்புளி தூக்கலா விட்டு, வெந்தயம் கொஞ்சமாப் போடு. உள்ளுக்கு விடுவினமோ தெரியாது, கேட்டுப் பாக்கலாம்.

இன்னொண்டு. காட்டிக்குடுத்தது ஆர் எண்டு எனக்குத் தெரியும். பைறூஸ். உன்ர மீனை இனி எடுக்கமாட்டன் எண்டு கரையில எல்லாருக்கும் முன்னால சொன்னவன். அடுத்த கிழமை நேவி வந்து நிக்கிறான். மீன் யாவாரி எண்டு அவனைப் படலைக்குள்ள விடாதே.

றொஷான்


பேசாலை
20.02.2025

றொஷானுக்கு,

கடிதம் நேற்றுத்தான் கிடைச்சது.

வெக்கம் வரேல்லயோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். வந்தது. எப்ப வந்தது எண்டு சொல்லுறன், கேளுங்கோ.

போன வைகாசியில ஒரு பாரை கொண்டு வந்தீங்கள். கண் தெளிவா இருந்தது. செவுள் செக்கச் சிவப்பு. தொட்டால் கடலின்ர குளிர் இன்னும் போகேல்ல. இப்பிடி ஒரு மீனை ஆர் குறை சொல்லுவினம்? செதிலைச் சுரண்டிப்போட்டு வயித்தைக் கீறினனான். உள்ளுக்க இரத்தமும் கூழும். எது குடல், எது ஈரல் எண்டு தெரியேல்ல. துண்டு போடுவம் எண்டு நடுவில கத்தியை அமத்தினால் கத்தி ஒண்டிலயும் முட்டாமல் பலகைக்குப் போகுது. நடுமுள் ஏற்கெனவே முறிஞ்சு கிடந்தது. வெளித்தோலில ஒரு கீறல்கூட இல்லை.

உங்களைக் கூப்பிட்டுக் காட்டினனான். "பெரிய மீன் ஏதும் இடிச்சிருக்கும்" எண்டீங்கள். அண்டைக்கு நம்பினனான். குழம்பு ஒரு கொதி வரமுன்னம் சதை கழண்டு கரைஞ்சு போச்சுது. நீங்கள் அதைக் கவனிக்கேல்ல. கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்கள்.

அடுத்த கிழமை விளைமீன். அதுவும் அப்பிடித்தான். பிறகு கலவாய். ஒவ்வொரு கிழமையும் பெரிய மீன் வந்து இடிக்குமோ? நான் குளத்துப் பக்கத்தால வந்தவள்தான். மொக்கு இல்லை. நீங்கள் சொல்லாததை எல்லாம் அந்த மீன் எனக்குச் சொல்லிப் போட்டுது. சொன்ன பிறகும் உப்புப் போட்டு, புளி விட்டு, உங்களுக்கு முன்னால கொண்டுவந்து வச்சனான் பாருங்கோ, அப்ப வந்தது வெக்கம்.

சசியைக் கேட்டீங்கள். கை ஆறியிட்டுது. ஆறினது எண்டால் தோல் மூடியிருக்கு, அவ்வளவுதான். மணிக்கட்டுக்கு அங்கால ஒண்டும் இல்லை. அம்மாவிட்ட உயிலங்குளத்துக்குப் போக மாட்டன் எண்டு என்னோடதான் நிக்கிறான். இடது கையால சாப்பிடப் பழகுறான். ஒருக்கா மீன்முள் தொண்டையில இறங்கி, பெரும்பாடு பட்டு எடுத்தது. இப்ப நான்தான் முள் எடுத்துப் போட்டுக் குடுக்கிறன். நான் எடுக்கேக்க அவன் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு இருப்பான். இருபத்திமூண்டு வயசு.

பைறூஸை விடுங்கோ. அவர் உங்கட மீனை வேண்டாம் எண்டது, சதை கரையுது எண்டு ரவுண் கடைக்காரர் அவருக்குத் திருப்பி அனுப்பினதால. அதைத்தான் அவர் கரையில சொன்னவர். வேற ஒண்டும் சொல்லேல்ல.

பாக்க வரமாட்டன். சசியைத் தனிய விட்டிட்டு வர ஏலாது எண்டு எழுதலாம். அது பொய். வர மனமில்லை.

கலாராணி


மறியலிலிருந்து
04.03.2025

கலா,

உன்ர கடிதத்தை வாசிச்ச மாத்தையா என்னைப் பாத்துச் சிரிச்சவர். "உங்கட நோனாவுக்கு மீனைப் பற்றி நல்லாத் தெரியும்" எண்டார். சந்தோசமோ உனக்கு?

நாளைக்கு விபூதிப் புதன். சண்டை பிடிக்காமல் எழுதுவம் எண்டுதான் பேனை எடுத்தனான். முடியேல்ல.

முள்ளைப் பற்றி எழுதினாய். வலையைப் பற்றி ஒரு வரி எழுதினியோ? என்ர வலையை இந்தியன் றோலர் இழுத்துக்கொண்டு போன அண்டைக்கு நீயும் கரையில நிண்டனி. விடிஞ்சு வந்து பாத்தால் கயிறும் மிதவையும்தான் மிச்சம். புதுசாக் கட்டினம். மாதாவுக்கு மெழுகுதிரி வச்சிட்டு இறக்கினன். அதையும் கொண்டு போயிட்டாங்கள். ஆரிட்டச் சொல்லாமல் விட்டனான்? சங்கத்துக்குச் சொன்னனான், மீன்பிடிக் கந்தோருக்குச் சொன்னனான், பங்குச் சுவாமிக்கும் சொன்னனான். எல்லாரும் தலையாட்டிச்சினம். வீட்டுக்கு வந்து உனக்குச் சொன்னன். நீ என்ன சொன்னாய்? "பரவாயில்லை, வேற ஏதாவது பாப்பம்" எண்டாய்.

வேற ஏதாவது எண்டால் என்ன கலா? கடலைத் தவிர எனக்கு என்ன தெரியும்? உன்ர அப்பாவைப் போல வயலில கூலிக்கு நிக்கச் சொல்லுறியோ? நீ சொன்ன அந்த வேற ஏதாவதுதான் வெடி. மூண்டு தரம் கொழுத்தினால் ஒரு கிழமைச் சீவியம்.

நான் அதைப் பெருமையா எழுதேல்ல. கடலுக்கு அடியில என்ன நடக்குது எண்டு எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியோ? குஞ்சும் குருமனும் வெள்ளையா மிதக்கும். அதைப் பாக்காமல் பெரிய மீனை மட்டும் அள்ளிக்கொண்டு திரும்புவன். ஆனா அது எனக்கும் கடலுக்கும் உள்ள கணக்கு. பைறூஸுக்கு அதில என்ன வேலை?

அவனுக்காக நீ நியாயம் கதைக்கிறது எனக்கு வடிவா விளங்குது. டிலக்‌ஷன் ஞாயிற்றுக்கிழமை பாக்க வந்தவன். சொல்ல வேண்டியதை அவனுக்குச் சொல்லியிட்டன். நீ உன்ர பாட்டில வீட்டுக்குள்ள இரு.

றொஷான்


பேசாலை
13.03.2025

டிலக்‌ஷனுக்கு நீங்கள் சொல்லிவிட்டது நடந்து முடிஞ்சுது.

நேற்றுப் பட்டப்பகலில, கரையில, எல்லாரும் பாக்க, பைறூஸின்ர மோட்டச்சைக்கிளை மீன்பெட்டியோட கொழுத்தினவங்கள். அவர் பெட்டியை இழுக்கப் போய் காலில நெருப்புப் பிடிச்சது. மன்னார் ஆசுபத்திரியில கிடக்கிறார். முழங்கால் வரைக்கும் வெந்து போச்சுதாம்.

அவரின்ர மனிசி பஸ்மினா இண்டைக்கு வந்தவ. உள்ளுக்க வாங்கோ எண்டனான், வரேல்ல. நோன்பு பிடிச்சபடி, வெயிலுக்க, படலைக்கு வெளியில நிண்டு கேட்டா: "என்ர மனிசன் உங்கட மனிசனுக்கு என்ன செய்தவர்?" கத்தேல்ல. அழேல்ல. பதில் வேணும் எண்டு நிண்டா. எனக்குப் பதில் தெரியும். அவ போன பிறகுதான் குந்தி இருந்து இதை எழுதிறன்.

உங்களைக் காட்டிக்குடுத்தது நான்.

ஏன் எண்டு நீங்கள் கேக்க முன்னம் சொல்லுறன். மீனுக்காகவோ கடலுக்காகவோ இல்லை. அந்தளவு நல்லவள் இல்லை நான். அந்த மீனைச் சமைச்சுத் தந்துகொண்டு சும்மாதானே இருந்தனான். நீங்கள் சசியைப் போட்டுக்கு எடுத்த பிறகுதான் பயம் பிடிச்சது. அவனைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ எண்டு உங்கட காலைப் பிடிச்சனான். "அவன் இருக்கேக்க நான் வெடி கொழுத்தமாட்டன்" எண்டு மாதா கோயிலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சத்தியம் பண்ணினீங்கள். அடுத்த நாள் நீங்களும் அவனும் சேந்து ஒரு பெட்டி பாரை தூக்கிக்கொண்டு வந்தீங்கள். கத்தியை வச்சனான். முள் இல்லை. சசி போட்டிருந்த சேட்டைத் தோய்க்க எடுத்தால் வெடிமருந்து மணம்.

சிறுபோக அறுவடைக்கு அம்மாவுக்கு ஆள் இல்லை எண்டு சொல்லி அவனை உயிலங்குளத்துக்கு அனுப்பினனான். அவன் அங்க நிக்கிறான் எண்ட துணிவிலதான் மன்னாருக்கு பஸ் ஏறினனான். மீன்பிடிக் கந்தோரில இருந்தவர், "நீங்கள் ஆர் எண்டு சொல்லத் தேவையில்லை, எந்தப் பக்கம், எந்த நேரம் எண்டு சொன்னால் போதும்" எண்டார். நான் பேரோட சொன்னனான். "றொஷான். என்ர புருசன்" எண்டு. அவர் எழுதிறதை நிப்பாட்டிப் போட்டு என்னைப் பாத்தார். "தங்கச்சி, நல்லா யோசிச்சீங்களோ?" எண்டு கேட்டார். ஓம் எண்டனான்.

போட்டைப் பறிப்பினம், தண்டம் போடுவினம், நீங்கள் ஆத்திரப்பட்டு ரெண்டு நாள் சாப்பிடாமல் இருப்பீங்கள், பிறகு விட்டிடுவீங்கள் எண்டு நினைச்சனான். மறியல் எண்டு நினைக்கேல்ல. சசி அந்தப் போட்டில இருப்பான் எண்டு கனவிலயும் நினைக்கேல்ல. நேவி வந்து சொல்லேக்க, "ரெண்டு பேர், ஒராளுக்குக் கை போச்சுது" எண்டவை. அந்த ஒராள் நீங்கள் எண்டு நினைச்சு ஓடினனான். அங்க போய்ப் பாத்தால் என்ர தம்பி.

ஏன் அவனைத் திருப்பிக் கூப்பிட்டீங்கள்? மாதாவுக்கு முன்னால சத்தியம் பண்ணின வாய்தானே கூப்பிட்டது?

டிலக்‌ஷனுக்கு உடன சொல்லி அனுப்புங்கோ, பைறூஸ் இல்லை எண்டு. நீங்கள் சொல்லாட்டி நான் கரையில போய் நிண்டு சொல்லுவன். இதை வாசிக்கிற மாத்தையாவும் அறிஞ்சு கொள்ளட்டும்.

எங்களுக்கு ஒரு பிள்ளை இல்லையே எண்டு நான் அழாத கோயில் இல்லை. இண்டைக்கு முதல் தரமா, நல்லது எண்டு நினைச்சனான்.

கலாராணி


30.03.2025

இதை மாத்தையா வாசிக்கேல்ல. என்னோட இருந்த அரிப்புக் கிராமத்து அருட்பிரகாசம் அண்ணை நாளைக்கு விடுதலையாகிப் போறார். அவரிட்டக் குடுத்து விடுறன். வாசிச்சிட்டு அடுப்பில போடு.

உன்ர கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசிச்சனான். ஆரை எல்லாம் சந்தேகப்பட்டனான் தெரியுமோ? பைறூஸ், சங்கத்துச் செயலாளர், பக்கத்து வாடிக்காரன், ஒருநாள் டிலக்‌ஷனைக்கூட. பக்கத்தில படுத்தவளை நினைக்கேல்ல. பிடிபட்ட அண்டைக்குக் காலமை எனக்குப் பிளேன்ரீ ஊத்தித் தந்தனி. "கவனமாப் போட்டு வாங்கோ" எண்டனி. அதை எப்பிடிச் சொன்னாய்? உனக்கு நாக்குத் தடக்கேல்லயோ?

இனி நான் சொல்லாமல் வச்சிருந்ததைச் சொல்லுறன்.

சசியை நான் கூப்பிடேல்ல. அவன் தானே வந்தவன். முதல் பஸ்ஸில வந்து, வீட்டுக்கு வராமல் நேரா கரைக்கு வந்து போட்டில ஏறி இருந்தான். இறங்கு எண்டனான். இறங்கேல்ல.

சத்தியத்தைப் பற்றிக் கேட்டாய். அவன் இருக்கேக்க நான் கொழுத்தேல்ல. அவன்தான் கொழுத்தினவன். ஓம், உன்ர தம்பி. முதல்ல பாத்துக்கொண்டு இருந்தான். பிறகு கட்டப் பழகினான். பிறகு என்னை விட அவனுக்குத்தான் கை திருத்தம். மீன் கூட்டம் எந்தப் பக்கம் திரும்பும் எண்டு பாத்து, திரியின்ர நீளத்தை அளந்து எறிவான். நீ சேட்டில மணந்து பாத்தியே, அது என்னோட நிண்டதால வந்த மணம் இல்லை.

அண்டைக்கும் கொழுத்திப் போட்டுக் கையில வச்சுக்கொண்டு நிண்டவன். அந்த நேரம்தான் நேவியின்ர போட் எங்கட பக்கம் திரும்பி வந்தது. அவன் அதைப் பாத்து விறைச்சுப் போனான். எறியடா எண்டு கத்தினனான். எறியேல்ல. நீ அனுப்பின போட்டைத்தான் அவன் பாத்துக்கொண்டு நிண்டவன் கலா. இதையும் நீ தெரிஞ்சு வச்சிரு.

கோட்டில நான் சொன்னது வேற. மருந்து என்ர, கொழுத்தினது நான், மச்சானுக்கு ஒண்டும் தெரியாது, வலை இழுக்க வந்தவன், பொதி எண்டு நினைச்சுத் தூக்கினவன் எண்டு சொன்னனான். அதாலதான் அவனுக்கு வழக்கு இல்லை. அதாலதான் அவன் என்ர வீட்டில இருந்து, நீ முள் எடுத்துக் குடுக்கச் சாப்பிடுறான்.

பைறூஸுக்குச் செய்தது பிழை. டிலக்‌ஷனுக்குச் சொல்லி அனுப்பியிட்டன். வெளியில வந்து அவரின்ர காலில விழுவன்.

உன்னை மன்னிக்க எனக்குத் தெரியேல்ல. நான் வெளியில வரேக்க நீ அந்த வீட்டில இருக்கக் கூடாது.

றொஷான்


பேசாலை
11.04.2025

றொஷானுக்கு,

அருட்பிரகாசம் அண்ணை வந்து உங்கட சுகம் சொன்னவர். அவர் சொன்னதைச் சசியிட்டக் கேட்டனான்.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டு இருந்தவன். "ஓம்" எண்டான். கோப்பையைப் பாத்துக்கொண்டே சொன்னான். "ஏன்டா?" எண்டனான். "கரையில என்னை ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை அக்கா. தேயிலைத் தோட்டத்தில இருந்து வந்த சனமெண்டு, தோட்டத்தான் எண்டுதான் கூப்பிட்டவை. அதுக்குப் பிறகுதான் சசி எண்டவை" எண்டான். மாத்தையா வாசிக்கிறார், அதுக்கு மேல எழுதமாட்டன்.

அடிச்சனான். எழும்பி நிண்டு, கன்னத்தில, தோளில, கண்ட இடத்தில அடிச்சனான். அவன் தடுக்கேல்ல. தடுக்கிறதுக்குக் கை தூக்கினவன், தூக்கினது அந்தக் கை எண்டு கண்டவுடன கீழ விட்டிட்டான். அதுக்குப் பிறகு எனக்கு அடிக்க ஏலாமல் போச்சுது.

அடுத்த நாள் அவன் உயிலங்குளத்துக்குப் போயிட்டான். நான் போகச் சொல்லேல்ல. நில் எண்டும் சொல்லேல்ல.

டிலக்‌ஷன் உங்கட சொல்லைக் கேட்டு வந்தவன். "அண்ணி, அப்ப ஆர்?" எண்டு கேட்டான். நான் கரைக்குப் போனனான். போட்டுகள் வந்து மீன் இறக்கிற நேரமாப் பாத்துப் போனனான். நான்தான் எண்டு சொன்னனான். ஏலம் கூறிக்கொண்டு நிண்டவர் கொஞ்சம் நிப்பாட்டினார், பிறகு திரும்பக் கூறத் தொடங்கினார்.

ஆசுபத்திரிக்குப் போய்ப் பைறூஸிட்டயும் சொன்னனான். காலைச் சுத்திக் கட்டுப் போட்டிருக்கு. கேட்டுக்கொண்டு கிடந்தார். "பெருநாளைக்கு என்ர பிள்ளையளுக்கு முன்னால இப்பிடிக் கிடந்தனான். நீங்கள் முதலே சொல்லியிருக்கலாம் தங்கச்சி" எண்டார். பஸ்மினா எழும்பி, நான் போறதுக்கு வழி விட்டா. இரு எண்டு சொல்லேல்ல.

இப்ப கரையில எனக்கு ஒருத்தரும் மீன் தாறேல்ல. போய் நிண்டால் கூடையை மூடுவினம். "எல்லாம் குடுத்தாச்சு" எண்டு, மீன் துடிக்கத் துடிக்கச் சொல்லுவினம். கடையில தகரத்தில அடைச்ச ரின்மீன் வாங்கி வந்து சமைக்கிறன். இந்தப் பேசாலையில ரின்மீன் வாங்கிறவள் நான் ஒருத்தியாத்தான் இருப்பன். கடைக்காரப் பொடியன் அதைப் பையில போடேக்க என்ர முகத்தைப் பாக்க மாட்டான்.

சசிக்கு நீங்கள் செய்தது எனக்கு விளங்குது. உங்கட வாயால் ஒரு சொல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் எண்டு எனக்குத் தெரியும். அதுக்கு உங்களைக் கும்பிடுறன். கேலிக்கு எழுதேல்ல, உண்மையாக் கும்பிடுறன். ஆனா அவனுக்குப் பழக்கினது ஆர்? கோபப்படாமல், ஆறுதலா, பிழை விட்டால் திருத்தி, பக்கத்தில இருந்து பழக்கியிருப்பீங்கள். உங்களுக்கு அது நல்லா வரும். எனக்குத் தெரியும்.

பிளேன்ரீயைப் பற்றிக் கேட்டு விட்டீங்கள். கவனமாப் போட்டு வாங்கோ எண்டு நான் சொன்னது நடிப்பு இல்லை. நீங்கள் கவனமாப் போட்டு வரவேணும் எண்டுதான் சொன்னனான். இதை நம்பாட்டிலும் பரவாயில்லை.

வீட்டில இருக்கக் கூடாது எண்டு சொல்லிவிட்டிருக்கிறீங்கள். இருக்கத்தான் போறன். வீட்டைப் பூட்டிப்போட்டுப் போனால் கூரைத் தகடும் மிஞ்சாது, உங்களுக்குத் தெரியும். கருவாடு காயப்போடுற வாடியில வேலை கேட்டிருக்கிறன். எங்கட ஊராக்கள் தரமாட்டினம், தலைமன்னார்ப் பக்கம் ஒராள் வரச் சொன்னவர். நீங்கள் வாற நாள் படலையைத் திறந்து வச்சிருப்பன். குடிக்கத் தண்ணி தருவன். வீட்டுப் பூட்டின்ர திறப்பை உங்கட கையில தந்துபோட்டுத்தான் இறங்குவன்.

அதுக்குப் பிறகு என்னைப் பற்றி ஊரில என்னவும் சொல்லுங்கோ. புருசனைக் காட்டிக்குடுத்தவள் எண்டு சொல்லுங்கோ, அது உண்மை. ஓடிப்போனவள் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. எல்லாரும் பாக்கிற நேரத்தில, சந்தியில நிண்டு, பகல் பஸ்ஸிலதான் போவன்.

கலாராணி